கம்பளிக் கணக்கும் கண்ணுக்கு ஒரு துணியும்

தூங்கும்போது கண்ணுக்குக் கட்டுற துணிப்பட்டிக்கு எந்தத் துணி நல்லது என்று தேடினால் பட்டு, சாட்டின், பருத்தி என்று வரிசையாக வந்து நிற்கும். 1961இல் வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பார். அதிலிருந்து இது ஏதோ பணக்கார வீட்டுச் சாமான் மாதிரி ஆகிப்போச்சு. பசறையைத் தாண்டி பிபிலைப் பாதையில் இருக்கிற எங்க லுணுகலைப் பக்கம் இந்தக் கேள்வியை வேற மாதிரிதான் கேட்கணும். தோட்டத்து ஆளுக்குத் தூங்குறதுக்கு என்று முதலில் கிடைத்த துணி எது? அதுக்கு யார் காசு கட்டினாங்க?

அது கறுப்புக் கம்பளி. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்து வந்த சனத்துக்கு அரிசியோடு சேர்த்துத் தோட்டம் கொடுத்த பொருள் அது. துரைமார் வாயில் அது 'கம்ப்ளி' ஆனது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் அந்தச் சொல் ஏறியிருக்கு. தக்காணத்துக் கறுப்புச் செம்மறியின் மயிரைக் குறும்பர் நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பாக்கிய துணி இது. ஆடே கறுப்பு என்பதால் சாயம் தேவையில்லை. வெளிச்சத்தை அடைக்க இதைவிட நல்ல துணி கிடையாது.

ஆனால் முகத்தில் வைக்க முடியாது. கம்பளி நூல் 30 மைக்ரான் தடிப்பைத் தாண்டினாலே தோலைக் குத்த ஆரம்பிக்கும். பட்டு இழை 10, 13 மைக்ரான்தான். எங்க அப்பாயி கம்பளியின் முகப்பக்கத்தில் தாத்தாவின் பழைய வேட்டித் துண்டை மடித்து வைத்துத்தான் படுக்குமாம். கண்பட்டி செய்யிறவங்க இன்றைக்கு உள்துணி, வெளித்துணி என்று விளக்குறது இதைத்தான்.

அந்தக் கம்பளிக்குத் தூக்கம் மட்டும் வேலை இல்லை. பகலில் அதையே கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மழையில் நிற்கணும். ஊவாவில் கார்த்திகை, மார்கழி மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பளி மயிர் தன் எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அதனால்தான் அது மலைக்குத் தோதுப்பட்டது. அதுக்கும் மேலே நனைந்தால் கனம் தாங்காது. ராத்திரி அதைத்தான் போர்த்தணும், அடுப்புப் புகையில் காயவைத்து.

இதையெல்லாம் இனாம் என்று நினைச்சிராதீங்க. கம்பளியின் விலை பற்றில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்து கடன். ஆள் வேறு தோட்டத்துக்குப் போகணும் என்றால் அந்தக் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேணும்; புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் விடுதலை. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினாங்க. அதுவரைக்கும் போர்த்திப் படுத்த துணியும் ஆளைக் கட்டிவைத்த கயிற்றில் ஒரு இழைதான். துரைமார் எழுதிவைத்ததில் கம்பளி கருணை மாதிரித் தெரியும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அது கடன்.

லயத்துக் காம்பிராவில் வெளிச்சம் ஒரு தொல்லையே இல்லை. 10க்கு 12 அடி அறை, ஒரு கதவு, ஜன்னல் பேருக்கு. தூக்கத்தைக் கெடுத்தது விடியுமுன்னே பிரட்டுக்கு அடிக்கிற தப்புச் சத்தம். அதுக்கு எந்தத் துணியைக் கட்டுறது?

கண்ணைக் கட்டவேண்டிய தேவை உண்மையில் இருந்தது ஸ்டோர் ஆட்களுக்கு. பகலில் பறித்த கொழுந்து 12 முதல் 18 மணித்தியாலம் வாடணும். அதனால் அரைக்கிற வேலை நடுச்சாமத்தில் தொடங்கும். அடாவத்தையோ ஹொப்டனோ, எந்த ஸ்டோராக இருந்தாலும் கதை இதுதான். விடிய வீட்டுக்கு வந்த மனுசன், பிள்ளைகள் வாசலில் விளையாட, தலைத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கினார்.

அவர்களின் பேத்திகள் இப்போ கார்மென்டில். 1978இல் கட்டுநாயக்க வலயம் திறந்த பிறகு, மலையகப் பிள்ளைகளும் மெல்ல மெல்ல அங்கே போனாங்க. போர்டிங் அறையில் நாலைந்து பேர். ஒருத்தி வேலைக்குக் கிளம்ப லைட் போடுவாள், இன்னொருத்தி அப்போதான் கண் அசந்திருப்பாள்.

அவளுக்கு எந்தத் துணி? 'சில்க்' என்று கடையில் விற்கிறதில் முக்கால்வாசி பாலியஸ்டர் சாட்டின். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க: பட்டு என்றால் மயிர் கருகிய வாசம் வந்து சாம்பல் பொடியாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். கட்டுநாயக்கப் புழுக்கத்தில் அது வேர்த்துக் கண்ணோரம் அரிக்கும். உள்ளே பலமுறை துவைத்து மெலிந்த பருத்திச் சேலைத் துண்டு, வெளியே நெருக்கமாக நெய்த கறுப்புப் பருத்தி, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு, காதில் இறுக்காத பட்டி. மெசினில் நாள் முழுக்க ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்கு இது பத்து நிமிச வேலை.