தத்துவபோதகரும் சாதியும்

மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தசு என்னும் சேசு சபைப் பாதிரியார் பல்லாண்டு உழைத்தும், உயர்சாதியார் எனப்பட்டோர் அவர் மதத்தைத் தழுவிலர். மாட்டிறைச்சியும் மதுவும் கொள்ளும் 'பரங்கி'யின் மதம் இழிந்தது என்பது அவர்தம் எண்ணம். 1606-இல் அங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதனை உணர்ந்தார். காவியுடுத்து, புலால் நீக்கி, பிராமணர் சமைத்த உணவை ஒருபொழுது உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவபோதகர் ஆனார். பெர்னாந்தசே அவர்மீது மேலிடத்துக்குக் குற்றஞ்சாட்டி எழுதினார். 1623-இல் போப்பு பதினைந்தாம் கிரெகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் இசைவளித்தார். 1640-இல் நொபிலி மதுரையில் சிறைப்பட்டார். 1656-இல் மயிலையில் மறைந்தார்.

அவர் பட்ட துன்பம் பெரிது. தமிழுக்கு ஆற்றிய தொண்டும் பெரிது. ஆயின் அதற்கு ஈந்த விலை யாது? ஒடுக்கப்பட்ட மக்கள் அவரை வெளிப்படையாக அணுகவியலவில்லை. அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறொரு வகுப்பார் ஏற்பட்டனர். பின்னாளில் மாதா கோயில்களிலும் தனியிடம் வகுக்கப்பட்டது. சாதியின் துணையால் சமயம் ஊருக்குள் புகுந்தது. சமயத்தின் துணையால் சாதி கோயிலுக்குள் புகுந்தது.

கடாரத்துக்கு வந்த நம் முன்னோரோடும் அச்சாதி கப்பலேறி வந்து, தோட்ட லயங்களைப் பிரித்து வைத்ததன்றோ? சாதிக்கு இணங்கி நடந்தோர் அதனை ஒழித்திலர் என்பதே மதுரை நமக்குத் தரும் பாடம்.