மட்சுதோயா யூமி

மட்சுதோயா யூமி (பிறப்பு: 19 ஜனவரி 1954, ஹச்சியோஜி, டோக்கியோ) ஜப்பானியப் பாடகி, பாடலாசிரியர், இசையமைப்பாளர். ரசிகர்களிடையே ‘யூமிங்’ என அறியப்படுபவர். இவர் குடும்பத்தினர் கிமோனோத் துணிக்கடை நடத்தினர். 1972இல் அராய் யூமி என்ற இயற்பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். 1976இல் இசையமைப்பாளர் மட்சுதோயா மசாதாகாவை மணந்தபின் மட்சுதோயா யூமி என்ற பெயர் பெற்றார்.

புகழ்பெற்ற பாடல்கள்: பள்ளித் தோழர் ஒருவரின் இளவயது மரணத்திலிருந்து பிறந்தது ‘ஹிகோகி-குமோ’ (1973). வானூர்தி விட்டுச்செல்லும் மேகக்கோட்டைக் குறிக்கும் இப்பாடலை, நாற்பதாண்டுகளுக்குப் பின் மியாசாகி ஹயாவோ தம் ‘காசே தாச்சினு’ (2013) திரைப்படத்தில் பயன்படுத்தினார். ‘ரூஜு நோ தெங்கோன்’, ‘யசாஷிசா நி சுட்சுமாரேதா நாரா’ ஆகியவை அதே இயக்குநரின் ‘மாஜோ நோ தக்யூபின்’ (1989) படத்தால் அடுத்த தலைமுறையையும் எட்டின. ‘ஹாரு யோ, கோய்’ (1994) என்எச்கே தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடல்.

அதிகம் அறியப்படாதவை: 1974இன் ‘மிஸ்லிம்’ தொகுப்பிலுள்ள ‘உமி வோ மிதேஇதா கோகோ’ யோக்கொஹாமாவின் ‘டால்ஃபின்’ உணவகத்தைப் பெயர் சொல்லியே பாடுகிறது, பெருவெற்றிப் பாடல்களைவிட இவரது காட்சி நுட்பம் இதில் கூர்மையானது. ‘குரேதா கருஹோ’ என்ற புனைபெயரில் பிறருக்கும் இசையமைத்தார். மட்சுதா செய்கோ பாடிய ‘அக்காய் ஸ்வீட் பீ’ (1982) அவற்றுள் ஒன்று.