புகைபோக்கி இல்லாத கப்பல்

சொந்தமாக ஒரு மோட்டார் உல்லாசக் கப்பல் வாங்கும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்குக் கிட்டப் போவதில்லை. ஆயினும், அப்படி ஒன்றை வாங்கப் புகும் செல்வர் கப்பல் கட்டுவோரிடம் முதலில் என்ன கேட்பார் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். எந்த எஞ்சின் பூட்டலாம்? எவ்வளவு எண்ணெய் குடிக்கும்? எத்தனை தூரம் போகும்? நடுக்கடலில் நின்றுவிட்டால் யார் பழுது பார்ப்பார்? இக்கேள்விகள் புதியவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரிய கப்பல் கம்பெனிகள் இவற்றையே கேட்டன; அவை கண்ட விடைகளால் உலகக் கடல் வாணிபத்தின் போக்கே மாறியது. மும்பை, கொல்கத்தா, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுக நகரங்களில் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் கப்பல்களின் பின்னே அந்த வரலாறு மறைந்து நிற்கிறது. அதனை இன்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நீராவியே கடலை ஆண்டது. கொதிகலனில் நீரைக் காய்ச்சி, எழும் ஆவியால் பிஸ்டன்களை மேலும் கீழும் இயக்கி, அந்த இயக்கத்தால் விசிறியைச் சுழற்றுவது அக்காலத்து முறை. நம்பகமான முறைதான், ஆனால் எரித்த கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பகுதியே கப்பலை உந்தப் பயன்பட்டது. எஞ்சியதெல்லாம் புகையாகவும் சூடாகவும் வீணாயிற்று.

முதல் அறைகூவல் இங்கிலாந்திலிருந்து எழுந்தது. சார்லஸ் பார்சன்ஸ் என்பார் ஆவியைக் கத்தித் தகடுகளின் மீது பாய்ச்சித் தண்டையே நேராகச் சுழலச் செய்யும் டர்பைன் எஞ்சினை அமைத்தார். 1897 ஆம் ஆண்டு, விக்டோரியா அரசியின் வைர விழாவையொட்டி ஸ்பிட்ஹெட் கடலில் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. பார்சன்ஸின் சிறிய டர்பினியா கப்பல் அழைப்பின்றி அங்கே நுழைந்தது. மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில் அது பறந்ததைக் கண்டு கடற்படையினர் திகைத்தனர். அதைத் துரத்திப் பிடிக்கக்கூடிய கப்பல் எதுவும் அங்கில்லை.

ஒரு சிறு கப்பலின் வித்தையை நம்பிப் பெருங்கப்பலில் பணத்தைப் போடலாமா? குனார்டு கம்பெனி இதனை ஆராய 1903 இல் ஒரு குழுவை அமைத்தது; டர்பைனே தகும் என்று குழு கருத்துரைத்தது. அக்கம்பெனி அதோடு நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரட்டைக் கப்பல்கள் 1905 இல் பயணிகள் சேவைக்கு வந்தன. கரோனியா என்ற கப்பலில் பழைய பிஸ்டன் எஞ்சின், கார்மேனியாவில் டர்பைன். இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்ததில் டர்பைன் கப்பலே விரைவிற் சிறந்தது. 1907 இல் வந்த லூசிட்டானியா, மாரிட்டானியா என்னும் மாபெருங் கப்பல்களும் டர்பைன் பூண்டே அட்லாண்டிக் கடலைக் கடந்தன. தூரம் அளந்து, செலவு எண்ணி, பரீட்சை செய்து பார்த்த பின் முடிவெடுக்கும் அவ்வணிக விவேகத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், விரைவுக் கப்பலுக்குப் பொருந்தியது சரக்குக் கப்பலுக்குப் பொருந்தவில்லை. டர்பைன் மிக வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனமாக இயங்கும். விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரை நன்கு தள்ளும். இடையே பற்சக்கரம் வைத்து இப்பிணக்கைத் தீர்க்கப் பார்சன்ஸ் முயன்றார். வெஸ்பேசியன் என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கி, முதலில் அதன் பழைய எஞ்சினுடனேயே ஓட்டிச் செலவைக் குறித்துக்கொண்டு, பின்பு பற்சக்கர டர்பைனைப் பூட்டி ஓட்டினார். கரிச் செலவு தெளிவாகக் குறைந்தது. எனினும் கொதிகலனும் உலையும் கரியும் அப்படியே இருந்தன.

அந்த உலைகளுக்கு முன் நின்றவர் யார்? இவ்விடத்தில் இந்திய நாட்டின் கதையும் கலக்கிறது. பிரிட்டிஷ் கம்பெனிகளின் கப்பல்கள் பலவற்றில் கரி அள்ளிப் போட்டவர்கள் சில்ஹெட்டிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் வந்த எளிய மக்கள். லஸ்கர்கள் என்று அவர்களை அழைத்தனர். கொல்கத்தாவின் கிதர்ப்பூர்ப் பகுதியில் வாழும் நம் நேயர்கள் அம்மக்களின் சுவடுகளை இன்றும் காணக்கூடும். செங்கடலில் கோடையிற் செல்லும்போது கப்பலின் அடித்தளம் சூளையாகக் காயும். மயங்கி வீழ்ந்தோர் உண்டு; வெம்மை தாளாது கடலிற் குதித்தோரும் உண்டு. வெள்ளைக்காரக் கடலோடிகளைவிடக் குறைந்த கூலியே அவர்களுக்குக் கிடைத்தது. நீராவிக் கப்பலின் வரவு செலவுக் கணக்கில் கரியின் விலை எழுதப்பட்டது; இம்மனிதர்களின் துன்பம் எழுதப்படவில்லை.

இந்நிலையில் மூன்றாவது வழி ஒன்று ஜெர்மனியில் உருவாகி வந்தது. ருடால்ஃப் டீசல் என்ற பொறியியலறிஞர், எரிபொருளைக் கொதிகலனின் உலையில் எரிக்காமல் சிலிண்டருக்குள்ளேயே எரிக்கும் எஞ்சின் ஒன்றை அமைத்தார். காற்றை மிக அழுத்தினால் அது மிகவும் சூடாகும். அதில் எண்ணெயைத் தூவினால் நெருப்புப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். 1897 இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்த 20 குதிரைத் திறனுள்ள அவரது எஞ்சின், எண்ணெயின் வெப்பத்தில் 26 சதவீதத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அந்நாளைய கப்பல் நீராவி எஞ்சின்கள் இதன் பாதி அளவை எட்டுவதே அரிது.

கடலுக்கு இதைக் கொண்டுசெல்வதில் ஒரு பெருந்தடை இருந்தது. டீசல் எஞ்சின் ஒரு திசையில் மட்டுமே சுழலும். கப்பலோ துறைமுகத்தில் பின்னோக்கியும் செல்ல வேண்டும். ரஷ்யாவில் 1903 இல் வந்த வாண்டல் என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி, அம்மின்சாரத்தால் விசிறியைச் சுழற்றி இத்தடையைச் சுற்றிச் சென்றனர். பின்னர் எஞ்சினையே நிறுத்தி எதிர்த்திசையில் ஓடச் செய்யும் அமைப்புகள் வந்தன. ஆயினும் மாதக்கணக்கில் கடலில் ஓடும் பெரிய கப்பலை இதனிடம் ஒப்படைக்க எவரும் துணியவில்லை.

துணிந்தவர் டென்மார்க் நாட்டின் ஹான்ஸ் நீல்ஸ் ஆண்டர்சன். சயாமில் வணிகம் செய்து பொருளீட்டி, 1897 இல் கிழக்காசியக் கம்பெனியைத் தொடங்கியவர். அவர் தம் முன்னிருந்த வழிகளை எப்படி எடைபோட்டிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். பாய்மரத்திற்கு எரிபொருட் செலவில்லை. ஆனால் சரக்கு எந்நாளில் சேரும் என்று உறுதி கூற முடியாது. நீராவி எஞ்சின் விலை குறைவு. பழுது பார்க்கத் தெரிந்தவர் எந்தத் துறைமுகத்திலும் கிடைப்பர். ஆனால் டென்மார்க்கில் கரி இல்லை. அதனை அயல்நாட்டிலிருந்து வாங்க வேண்டும். கப்பலின் வயிற்றில் பெரும்பகுதியைக் கரியே அடைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்கு விலை அதிகம், ஐயமும் அதிகம். ஆனால் எண்ணெயைக் கப்பலின் இரட்டை அடித்தளத்திலேயே ஊற்றி வைக்கலாம். கரிக்கிடங்கும் கொதிகலனும் இருந்த இடமெல்லாம் சரக்குக்கு ஆகும். உலைக்காரர் கூட்டமும் வேண்டுவதில்லை.

கோபன்ஹேகனின் பர்மைஸ்டர் அண்டு வைன் தொழிற்சாலை 1898 இலேயே டீசல் எஞ்சின் கட்டும் உரிமை பெற்றிருந்தது. அங்கே ஐவர் நுட்சன் என்ற பொறியாளரின் முயற்சியில் சீலாண்டியா உருவாயிற்று. நீளம் 370 அடி. எட்டுச் சிலிண்டர் கொண்ட எஞ்சின்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 1250 குதிரைத் திறன். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கப்பலைக் கரை சேர்க்கும் என்ற முன்யோசனை அதில் விளங்குகிறது. 1912 பிப்ரவரியில் அக்கப்பல் பாங்காக்கை நோக்கிப் புறப்பட்டது. அதற்குப் புகைபோக்கியே இல்லை. எஞ்சினின் கழிவுப் புகை பாய்மரக் கம்பத்தின் வழியாகவே வெளியேறியது. வழியில் லண்டனில் தங்கியபோது, கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் நேரிற் சென்று அதனைப் பார்வையிட்டார். பாங்காக் சென்று மீண்ட நெடும்பயணம் வெற்றியாகவே முடிந்தது. கம்பெனி தொடர்ந்து மோட்டார்க் கப்பல்களையே நாடியது.

அன்றே நீராவி தோற்றுவிட்டது என்று எண்ணலாகாது. தம் நாட்டில் கரி மலிந்திருந்த பிரிட்டிஷ் முதலாளிகள் நெடுநாள் தயங்கினர். 1939 இலும் உலகக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் டீசலில் ஓடியது. 1969 இல் சேவைக்கு வந்த குவீன் எலிசபெத் 2 என்ற பயணிக் கப்பலும் டர்பைன் பூண்டே வந்தது. 1987 இல்தான் அது டீசலுக்கு மாறியது. அவரவர் வழித்தடமும் எரிபொருள் விலையும் வேறுபட, முடிவும் வேறுபட்டது. எல்லோருக்கும் பொருந்தும் எஞ்சின் என்று ஒன்று எக்காலத்தும் இருந்ததில்லை.

மாற்றத்தால் உலைக்காரரின் நரகம் நீங்கியது. கூடவே அவர்களது பிழைப்பும் போயிற்று. எஞ்சின் மாறும்போதெல்லாம் இன்பமும் துன்பமும் கலந்தே வருகின்றன. கரிப்புகை அகன்ற இடத்தில் எண்ணெய்ப் புகை வந்தது. அதுவும் வானைச் சூடாக்குகிறது என்று இன்று அறிந்திருக்கிறோம். 2050 ஆம் ஆண்டையொட்டிக் கடல் வாணிபத்தின் நிகரப் புகையைப் பூச்சியமாக்க வேண்டுமென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023 இல் குறிக்கோள் வகுத்தது. அதே ஆண்டில் மெத்தனால் கொண்டும் இயங்கக்கூடிய லாரா மெர்ஸ்க் என்ற சரக்குக் கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழா நடைபெற்றது. அவ்விழா நடந்த நகரம் கோபன்ஹேகனே என்பது நினைக்கத்தக்கது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரலில் கொச்சியில் மின்கலப் படகுகள் பயணிகளை ஏற்றத் தொடங்கின. அங்கு வாழும் நம்மவர் பலர் அவற்றில் சென்றிருப்பர். எஞ்சின் ஓசையில்லாத அப்படகில் நீரின் சலசலப்பைக் கேட்டிருப்பர்.

சீலாண்டியா பல கை மாறி, பெயரும் மாறி, 1942 இல் ஜப்பான் கடற்கரையருகே தரைதட்டி அழிந்தது. அக்கப்பல் கற்பித்த பாடம் அழியவில்லை. விலையை மட்டும் பார்த்து எஞ்சினைத் தேர்ந்தவர் பின்னர் வருந்தினர். செல்லும் தூரம், கிடைக்கும் எரிபொருள், பழுது பார்க்கும் கைகள் ஆகிய அனைத்தையும் நிறுத்துப் பார்த்தவர் நிலைத்தனர். அத்தராசில் இன்னொரு படிக்கல்லையும் நாம் வைத்தல் வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் நின்று உழைப்பவரின் வாழ்வே அது. உல்லாசக் கப்பல் வாங்கும் செல்வருக்கும், பெருங்கப்பல் வாங்கும் கம்பெனிக்கும், படகில் ஏறி வேலைக்குச் செல்லும் நமக்கும் அக்கணக்கில் பங்குண்டு.