அபுல்காசிமை ஏன் மறந்தோம்?

நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடும் சீறாப்புராணம் 1842-ல் அச்சேறிய கதைக்குத்தான் இந்த வாரம் வர வேண்டும். அதைப் பாடிய உமறுப்புலவரைச் சொல்லாமல் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் கூனிமேடு. தொழுகை அரபியில், வீட்டுப் பேச்சும் கடைத்தெருப் பேச்சும் தமிழில் என வாழும் முஸ்லிம்களின் ஊர். இதே கரையில் தெற்கே, கடலூருக்கும் அப்பால் பரங்கிப்பேட்டை. நபிகள் நாயகத்தின் வாழ்வு தமிழ்க் காப்பியமாகத் தொடர்ந்து வளர்ந்தது அங்கேதான்.

உமறு, எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துவின் மாணவர். வடநாட்டிலிருந்து செருக்கோடு வாதுக்கு வந்த புலவரை, ஆசானுக்காக அவையேறி இந்த இளைஞர் மடக்கினார் என்று கதை உண்டு. அவரை நபியின் வரலாற்றைப் பாடச் சொன்னவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. செய்திகளோ அரபு நூல்களில் இருந்தன. மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவிடம் கேட்கப் போனார் உமறு. அவருடைய தோற்றத்தைப் பார்த்து அப்பா முதலில் மறுத்தார், பிறகு இரங்கினார் என்பார்கள்.

விளைந்தது மூன்று காண்டங்களில் 5,027 பாடல்கள். நாட்டுப் படலத்தைப் படியுங்கள். அரபு நாட்டு மலைகளில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். கம்பனின் கோசல நாட்டு வளம் அப்படியே மக்கத்துக்குப் போய்விடுகிறது! இதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இறைவன் ஒருவனே என்பதில் உமறு இம்மியும் நெகிழவில்லை. நெல் விளையும் மண்ணில் பிறந்தவன் பாடினால் நெல் வரத்தான் செய்யும்.

காப்பியம் முடியும் முன்பே சீதக்காதி மறைந்தார். புலவரைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். காப்பியத்துக்குள் பல இடங்களில் உமறு நன்றியோடு பாடுவது இவரைத்தான். ஆனால் சீதக்காதியின் பெயர் பழமொழியில் ஏறியது. அபுல்காசிமின் பெயரைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே யார் சொல்கிறார்கள்? பாதியில் நின்ற நூலுக்குக் கைகொடுத்தவரே என் கணக்கில் பெரிய வள்ளல்.

காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் சுவடியிலிருந்து சீறாப்புராணத்தை அச்சுக்குக் கொண்டுவந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.