தடைக்குப் பின் வந்த நாளிதழ்

1945 ஜூன் கடைசியில் நைஜீரியாவில் ரயில்கள் நின்றன. தபாலும் தந்தியும் முடங்கின. உலகப் போர் விலைவாசியை ஏற்றிவிட்டிருந்தது; தொழிலாளியின் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. வேலைநிறுத்தக்காரர்களுக்காக உரக்கப் பேசிய நாளிதழ்கள் இரண்டு: 'வெஸ்ட் ஆப்பிரிக்கன் பைலட்', 'டெய்லி காமெட்'. இரண்டுக்கும் அதிபர் ஒருவரே. நம்டி அசிகிவே. ஊரார் வாயில் 'ஸிக்'.

ஜூலை 8ஆம் தேதி பிரிட்டிஷ் அரசு இரண்டையும் தடைசெய்தது.

அசிகிவே சும்மா இருக்கவில்லை. வார்ரி நகரில் 'சதர்ன் நைஜீரியா டிஃபெண்டர்' என்று அவருக்கு இன்னொரு பத்திரிகை இருந்தது. அதை அங்கிருந்து பெயர்த்துக் களத்தில் இறக்கினார். உத்தரவில் இருந்த பெயர்கள் இரண்டுதானே? மூன்றாவது பெயரில் அதே குரல் தெருவுக்கு வந்தது. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல. 1904இல் சுங்கேருவில் ஓர் எழுத்தருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, 1934இல் அக்ராவில் 'ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட்' ஆசிரியரானார். 1936இல் வாலஸ் ஜான்சன் எழுதிய ஒரு கட்டுரையை அதில் வெளியிட்டதற்காக ராஜதுரோக வழக்கு அவர்மீது பாய்ந்தது. ஆறு மாதச் சிறைத் தண்டனையை மேல்முறையீட்டில்தான் உடைத்தார். அடுத்த வருடமே நவம்பர் 22இல் லாகோஸில் 'பைலட்' பிறந்தது. வெளிச்சத்தைக் காட்டினால் மக்கள் வழியைக் கண்டுகொள்வார்கள் என்பது அதன் முகப்பு வாசகம்.

குறையையும் சொல்லியாக வேண்டும். கிழக்குப் பிராந்தியப் பிரதமராக இருந்தபோது, தாம் தொடங்கிய வங்கியில் அரசுப் பணம் போடப்பட்ட விவகாரத்தில் 1956இல் விசாரணை ஆணையம் அமைந்தது. அவருடைய நடத்தையை அது கண்டித்தது. மறுவருடத் தேர்தலில் மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.

1960இல் கவர்னர் ஜெனரல். 1963 அக்டோபர் 1ஆம் தேதி குடியரசின் முதல் ஜனாதிபதி. ஆனால் ஆட்சி அதிகாரம் பிரதமர் பலேவாவின் கையில் இருந்தது. 1966 ஜனவரியில் ராணுவம் புரட்சி செய்தபோது அசிகிவே வெளிநாட்டில் இருந்தார். பதவி அத்தோடு போயிற்று. என்னைக் கேட்டால், ஜனாதிபதி மாளிகையைவிட அச்சுக்கூடத்தில்தான் அவருக்கு அதிகாரம் அதிகம் இருந்தது.

1996 மே 11இல் அவர் காலமானார். நைஜீரியாவின் 500 நைரா நோட்டில் இருப்பது அவருடைய முகம்.