கடலுக்கும் ஓர் ஓய்வாண்டு

ஆறு ஆண்டுகள் பயிரிட்ட நிலத்திற்கு ஏழாம் ஆண்டில் ஓய்வளிக்க வேண்டும் என்று இஸ்ரயேல் மக்களுக்குக் கட்டளை தரப்பட்டதை லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கடலைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆயினும் கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மன்னார் வளைகுடாக் கரையில் வாழ்ந்தோர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அந்த அறிவு எவ்வாறு தளர்ந்தது, எவ்வாறு மீண்டும் துளிர்க்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முத்துக்குளித்தல் இக்கரையின் பழந்தொழில். 1535க்கும் 1537க்கும் இடையில் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றதன் பின்னணியில் முத்துச் சலாபத்தின் மீதான உரிமைப் போராட்டமும் இருந்தது. 1542இல் புனித சவேரியார் வந்து சேர்ந்ததும் இந்த முத்துக்குளித்துறைக்கே. ஆனால், சலாபம் ஆண்டுதோறும் நடந்ததில்லை. முதலில் குளியாட்களை இறக்கிப் பார்களைச் சோதிப்பர். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிடுவர். சிப்பி முதிரவில்லையெனில் அவ்வாண்டு சலாபம் இல்லை. இக்காத்திருப்பு சில வேளைகளில் இருபது ஆண்டுகளையும் கடந்தது. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய சலாப வரிசை 1961உடன் முடிவுற்றது. அதன்பின் அங்கே சலாபம் நடைபெறவில்லை.

இவ்வோய்வை நாம் மிகைப்படுத்திப் போற்ற வேண்டியதில்லை. நாள் குறித்தவர்கள் ஆட்சியாளர்கள். அவர்கள் கண் கருவூலத்தின் மேல் இருந்தது. எனினும், கடலடியின் நிலையைத் தம் மூச்சை அடக்கிப் பார்த்து வந்து சொன்னவர்கள் பரதவரும் இசுலாமியருமான குளியாட்களே. அதிகாரம் ஒருபுறமும் அறிவு மறுபுறமும் நின்றன என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

முத்துப்பாருக்குக் கிடைத்த இந்தப் பொறுமை பவளப்பாறைக்குக் கிடைக்கவில்லை. கடந்த நூற்றாண்டில் தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்து வள்ளங்களில் ஏற்றி வந்தனர். அது வீடு கட்டும் கல்லாயிற்று, காளவாயில் வெந்து சுண்ணாம்பாயிற்று, ஆலைகளுக்கு மூலப்பொருளாயிற்று. பெயர்த்தவர்கள் அன்றாடக் கூலிக்கு உழைத்த ஏழைகள். ஆனால், பாறை போனபோது மீன் இனம் பெருகும் இடம் போயிற்று. அலையைத் தடுத்த அரணும் போயிற்று. வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருள் மறைந்தன. வான்தீவு தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது.

1986இல் அரசு இத்தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. சட்டம் வந்தது, கல்லெடுப்பு நிற்கவில்லை. அடுப்பெரிய வேறு வழி காட்டாத சட்டத்தை, பசித்தவன் எவ்வாறு தன் சட்டமாக ஏற்பான்? 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. கரைக்கு முன்னே நிற்கும் பாறையின் அருமையைக் கடலோர மக்கள் அப்போது தம் உயிரச்சத்தோடு சேர்த்து உணர்ந்தனர். 2005இல் கல்லெடுப்பு நின்றது. சட்டத்தின் கண்டிப்பும் மக்களின் உள்ளத் தெளிவும் சந்தித்த இடத்தில்தான் அது நின்றது.

அழிந்ததை மீட்கும் பணியும் தொடங்கிற்று. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், உயிருள்ள பவளத்தின் சிறு துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். 2015 முதல் வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. மறுகரையில், பாம்பன் அருகே கடற்பாசி எடுக்கும் பெண்கள் தாமே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்று வரையறுத்துக் கொண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீக்காலஜி விருது கிடைத்தது. அன்று ஆட்சியாளர் குறித்த ஓய்வு நாளை இன்று கடலில் இறங்கும் பெண்ணே குறிக்கிறாள். அறிவும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்துள்ளன.

இது போதுமா எனில், போதாது. 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. அந்த வெப்பம் வள்ளக்காரரால் வந்ததன்று. நகரங்களில் வாழும் நாமும் மூட்டிய நெருப்பு அது.

விவிலியத்தின் ஓய்வாண்டுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஓய்ந்த நிலத்தில் தானாக விளைவதை ஏழைகள் உண்ண வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். நிலத்தின் ஓய்வு எவரையும் பட்டினியிடுவதற்காக அன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. ஆனால், கடலின் ஓய்வால் பயன்பெறுவோர் மீனவர் மட்டும் அல்லர். மீன் உண்போர் அனைவருமே. ஆதலின், அதன் விலையை மீனவர் வீட்டு அடுப்பு மட்டுமே செலுத்துவது நீதியாகாது. பாசி எடுக்கும் பெண் 18 நாள் கூலியைத் துறக்கிறாள். அவளுக்கு ஈடாக நாம் துறப்பது என்ன?