பட்டம் காத்த முதல் வீரர்
பல நாட்களுக்குப் பிரித்து ஓட்டப்படும் கட்டப் பந்தயத்தில் ஒரு முறை வெல்வதைவிட, வென்ற பட்டத்தை மறு ஆண்டில் தக்கவைப்பதே கடினம் என்பதை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் தொடக்க வரலாறு தெளிவாக உணர்த்துகிறது. 1903-இல் நடந்த முதல் பந்தயத்தில் பாரிஸ் முதல் லியோன் வரையிலான முதற்கட்டம் மட்டுமே 467 கிலோமீட்டர். அவ்வாண்டு வென்ற மோரிஸ் காரன் 1904-லும் முதலாவதாக வந்தார். எனினும் முறைகேடுகளுக்காக முதல் நால்வரும் தகுதி நீக்கப்பட்டு, 19 வயது ஆன்றி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

பட்டத்தை முதன்முதலில் காத்தவர், 1907-இலும் 1908-இலும் வென்ற லூசியன் பெத்தி-பிரத்தோன். அக்காலத்தில் மொத்த நேரம் கணக்கிடப்படாமல், ஒவ்வொரு கட்டத்திலும் பெற்ற இடமே புள்ளியாகக் கொள்ளப்பட்டு, கூட்டுத்தொகை குறைந்தவரே வென்றவரானார். 1908-இல் எல்லாச் சைக்கிள்களின் சட்டங்களிலும் முத்திரை குத்தப்பட்டதால், வழியில் வண்டியை மாற்ற இயலவில்லை. பழுதைத் தானே நீக்கத் தெரிந்த கையும் காலுக்கு நிகராக மதிப்புப் பெற்றது. அவ்வாண்டு 14 கட்டங்களின் முடிவில் அவர் பெற்றவை 36 புள்ளிகள்; இரண்டாமவர் பிரான்சுவா ஃபாபெர் 68 பெற்றார். முதல் உலகப்போரில் படைப்பணியிலிருந்தபோது, 1917-இல் ஒரு கார் விபத்தில் பெத்தி-பிரத்தோன் மறைந்தார். ஆயினும், வென்றவர் மறு ஆண்டும் களமிறங்கித் தம் தகுதியை மெய்ப்பிக்கும் மரபு அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.